ட்ரையல் மிக்ஸில் தண்ணீர்க் கணக்கு

வேலைக்கு ஊற்றுமுன் விகிதத்தைச் சோதிக்கப் போடும் மாதிரிக் கலவைதான் ட்ரையல். கான்கிரீட் ட்ரையல் சரியாக வராதபோது முதல் பழி சிமென்ட் மேல் விழும், அடுத்தது அட்மிக்ஸ்சர் (கலவையை இளக்கச் சேர்க்கும் ரசாயனம்) மேல். பெரும்பாலும் இரண்டிலும் குற்றமிருக்காது. கலவைக்குள் எவ்வளவு தண்ணீர் போனது என்பது யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

எம்30, அதாவது 28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டருக்கு சிமென்ட் 370 கிலோ, தண்ணீர் 155 லிட்டர், எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) 749 கிலோ, ஜல்லி 20 மி.மீ.யும் 12.5 மி.மீ.யும் சேர்த்து 1158 கிலோ. பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை அட்மிக்ஸ்சர் சிமென்ட் எடையில் 0.8 சதவீதம். நீர்-சிமென்ட் விகிதம் 0.42. கலவை விகிதத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10262-இன்படி எட்ட வேண்டிய வலிமை 30 + 1.65 × 5 (5 என்பது வலிமையில் எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு), அதாவது சதுர மி.மீ.க்கு 38.25 நியூட்டன். உடைத்துப் பார்க்க வார்க்கும் 150 மி.மீ. கியூப் (கனசதுரம்) ஒன்பதுக்கு 30.4 லிட்டர் கலவை வேண்டும். சேதாரம் சேர்த்து 35 லிட்டர் போடலாம். சிமென்ட் 12.95 கிலோ, தண்ணீர் 5.43 லிட்டர், மணல் 26.2 கிலோ, ஜல்லி 40.5 கிலோ, அட்மிக்ஸ்சர் 104 கிராம். இந்த 104-இல் பத்து கிராம் தவறினாலே ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்ற அளவு) ஆளை மாற்றிக் காட்டும். ஜல்லி நிறுக்கும் தராசில் அட்மிக்ஸ்சரை நிறுக்கவே கூடாது. ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். கேனை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். நுரையை அடக்கும் மருந்து அதில் பிரிந்து நிற்கும். குலுக்காமல் எடுத்தால் கலவையில் காற்றுக் குமிழி ஏறி, கியூப் எடை குறையும்.

மேலே சொன்ன மணல், ஜல்லி எடைகளெல்லாம் எஸ்எஸ்டி நிலைக்கானவை: உள்ளே குடிக்க வேண்டிய நீரைக் குடித்து, மேற்பரப்பில் மட்டும் ஈரமில்லாத நிலை. குவியலில் கிடக்கும் மணல் அந்த நிலையில் ஒருநாளும் இருப்பதில்லை. அதனால் மணலை வறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். குவியலின் மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்து நாலைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, 500 கிராம் நிறுத்து இரும்புச் சட்டியில் போட்டு, அடுப்பை மிதமாக வைத்துக் கிளறவேண்டும். நிறம் வெளுத்து, கரண்டியில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரத் தொடங்கும். அப்போதே இறக்கிவிடக் கூடாது. சட்டிக்கு மேல் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்தால் ஆவி படியக் கூடாது; ஆறவைத்து நிறுத்து, மறுபடி வறுத்து நிறுத்தால் எடை மாறக் கூடாது. 472 கிராம் நின்றது என்றால் ஈரம் 28 கிராம்; 28-ஐ 472-ஆல் வகுக்க வேண்டும், 500-ஆல் அல்ல. 5.9 சதவீதம். மணல் உறிஞ்சுவது 3 சதவீதம் என்றால் மிச்சம் 2.9 சதவீதம் வெளியே நிற்கும் நீர்.

சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு கனமீட்டருக்கு அது 21 லிட்டர். அதை 155 லிட்டரிலிருந்து கழிக்க மறந்தால் 0.42 என்று எழுதிய விகிதம் உண்மையில் 0.476-க்குப் போய்விடும். தாளில் எம்30, கியூபில் வேறு. கழுவிய எம்சாண்டில் காலையில் மேலே இருந்த ஈரம் மாலைக்குள் அடிக்கு இறங்கியிருக்கும் என்பதால் காலைக் கணக்கு மாலைக்கு ஆகாது.

ஜல்லியின் கதை நேரெதிர். வெயிலில் காய்ந்த ஜல்லி கலவையிலிருந்தே நீரைக் குடிக்கும், அதுவும் மெதுவாக. முதல் ஐந்து நிமிடம் ஸ்லம்ப் தாராளமாகக் காட்டும், கால் மணி நேரத்தில் சடாரென்று இறங்கும். இதைப் பார்த்து ‘அட்மிக்ஸ்சர் தாங்கவில்லை’ என்று எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர். முந்தின நாளே ஜல்லியை ஊறவைத்து, துணியால் மேல் ஈரத்தை ஒற்றி எடுத்துப் போட்டால் இந்தக் குழப்பமே வராது.

மிக்சரின் உலர்ந்த பானை தன் பங்குக்கு சிமென்ட் பாலை ஒட்டிக்கொள்ளும். 35 லிட்டரில் அந்த இழப்பு பெரிது. அதே விகிதத்தில் கொஞ்சம் கலவை போட்டுச் சுற்றிக் கொட்டிவிட்டு, பிறகு அசல் ட்ரையலைத் தொடங்க வேண்டும். அதைவிடக் கெடுதலான பழக்கம் ஒன்று உண்டு. பிசிஇ வேலை செய்ய ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்; அதுவரை கலவை வறண்டு, உருண்டையாகக் கிடக்கும். உடனே ஒருவர் அரை மக் தண்ணீரை ஊற்றுவார். அடுத்த நிமிடம் கலவை குழம்பாகி, விளிம்பில் பால் தனியாகப் பிரியும். அந்த ட்ரையல் அங்கேயே செத்தது. தண்ணீர் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் நிறுத்துச் சேர்த்து, எழுதிவைத்து, விகிதத்தைத் திருத்த வேண்டும்.

ஸ்லம்பை ஒரே ஒருமுறை பார்ப்பதில் பயனில்லை. 30, 60, 90, 120 நிமிடங்களில் பார்க்க வேண்டும். இடையில் ஈரச் சாக்கால் மூடிவைத்து, ஒவ்வொரு முறையும் கிளறிவிட்டுப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஊற்றப் போகிற கான்கிரீட்டை ஏசி அறையில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்து ‘தாங்குகிறது’ என்று சொல்வது சைட்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கியூப் போடும்போது மோல்டின் அடித்தட்டு இணைப்பில் கிரீஸ் தடவாவிட்டால் சிமென்ட் பால் கசிந்து ஓரம் தேன்கூடாகும். மறுநாள் கழற்றி 27 டிகிரி நீரில் போட வேண்டும். உடைக்கும் முன் ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும்: 8.1 கிலோ என்றால் அடர்த்தி 2400, 7.8 என்றால் காற்றோ சரியாகக் குத்தாததோ காரணம். கரண்டியால் தேய்த்த முகம் பக்கவாட்டில் வரும்படி மெஷினில் வைத்து, நிமிடத்துக்கு 315 கிலோநியூட்டன் வேகத்தில் பளு ஏற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வலிமையும் கூடிக் காட்டும். மணற்கடிகாரம் போல நான்கு பக்கமும் சமமாக உதிர்ந்தால் நல்ல உடைவு. ஒரு பக்கம் மட்டும் சிதறினால் அந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு விகிதத்தோடு நிறுத்தாமல் 0.38, 0.46 இரண்டிலும் போட்டு, மூன்று புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தால்தான் கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டில் தண்ணீர் கொஞ்சம் தவறும்போது வலிமை எவ்வளவு இறங்கும் என்று தெரியும். தவறத்தான் செய்யும். கழுவிவிட்டு வந்த லாரியின் டிரம்மில் 50 லிட்டர் தங்கியிருந்தால், 6 கனமீட்டர் லோடில் கனமீட்டருக்கு 8 லிட்டருக்கு மேல் கூடிவிடும். ஏற்றுவதற்கு முன் டிரம்மைத் திருப்பிச் சுழற்றிக் கொட்டச் சொல்லி, கடைசிச் சொட்டு விழும்வரை பக்கத்தில் நிற்பதும் ட்ரையல் போட்டவரின் வேலைதான்.