பாதி வேகத்தில் ஓடாத எந்திரங்கள்

ஊட்டியில் யாரிடமாவது எச்.பி.எஃப். என்கிற அரசு ஃபிலிம் ஆலை ஏன் மூடினது என்று கேட்டால், "டிஜிட்டல் வந்துச்சு, கம்பெனி போச்சு" என்று முடித்துவிடுவார்கள். போட்டோத் தொழிலிலேயே காலம் தள்ளியவன் நான். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எச்.பி.எஃப். என்ற ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல் தொடங்கப்பட்டது, 1967ல் உற்பத்திக்கு வந்தது. நலிவடைந்த நிறுவனம் என்ற முத்திரை 1990களின் நடுவிலேயே அதன்மேல் விழுந்துவிட்டது. அந்த வருடங்களில் பொட்டானிக்கல் கார்டனுக்கு வந்த கூட்டம் முழுக்க ஃபிலிம் கேமராதான் வைத்திருந்தது. ஃபிலிம் விற்பனை உலக அளவில் உச்சத்தைத் தொட்டதே 2000 வாக்கில்தான். ஊரெல்லாம் ஃபிலிம் வாங்கிக்கொண்டிருந்தபோதே ஃபிலிம் செய்கிற ஆலை படுத்துவிட்டது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அது தவறவிட்டது கலரை. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கேயே செய்தார்கள். கலருக்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து ஜம்போ ரோலாக, அதாவது வெட்டாத பெரிய சுருளாக வரவழைத்து, வெட்டி, டப்பாவில் போட்டு விற்றார்கள். பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காக வாங்கிய கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வெளிநாட்டுச் சரக்கும் சந்தைக்குள் தாராளமாக வந்துவிட்டது.

இதில் தொழிலாளிகளைக் குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை ஃபிலிம்மேல் பூசும் வேலை இருட்டில் நடப்பது. தூசி ஒன்று விழுந்தாலும் அந்த இடம் வீண். குளிரும் சுத்தமான காற்றும் இருக்கிறது என்றுதான் மலைமேல் ஆலையைக் கட்டினார்கள். கை பழக்கத்தில் இருட்டுக்குள் நடந்து, தடவிப் பார்த்தே வேலையை முடித்த மனிதர்கள் ஆலை இருந்த இந்து நகரில் குடியிருந்தார்கள். எதைச் செய்வது, எதற்குக் கடன் வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

இந்தத் தொழிலின் சிக்கல் எனக்குப் புரிந்தது ஆலையைப் பார்த்து அல்ல, நான் வேலை பார்த்த கலர் லேபில். 1990களின் கடைசியில் சேர்ந்தேன். காலையில் முதல் வேலை ஹீட்டரைப் போடுவது. ஃபிலிமைக் கழுவும் கெமிக்கலான டெவலப்பர் 38 டிகிரிக்கு வர வேண்டும். டிசம்பரில் உறைபனி விழும் நாட்களில் அதற்கே வெகுநேரம் ஆகும். அப்புறம் கண்ட்ரோல் ஸ்ட்ரிப் என்ற சோதனை ஃபிலிம் துண்டு ஒன்றைக் கழுவி, அடர்த்தியை மீட்டரில் அளந்து, சார்ட்டில் புள்ளி வைப்போம். புள்ளி கோட்டுக்குள் இருந்தால்தான் வாடிக்கையாளரின் ரோலை உள்ளே விடுவோம். மே மாத சீசனில் புள்ளி அசையாது.

ஒவ்வொரு ரோல் உள்ளே போகும்போதும் மெஷின் தானாகவே கொஞ்சம் புது டெவலப்பரைச் சேர்க்கும். ரோல் நிறைய வந்தால் டாங்கில் இருப்பது எப்போதும் புதிதாகவே இருக்கும். ரோல் குறைந்தால், அரைத்து வைத்த மாவு புளிப்பதுபோல அதுவும் காற்றுப் பட்டுக் கெடும். 2004, 2005 வாக்கில் ரோல் குறையத் தொடங்கியபோது எங்கள் சார்ட்டில் புள்ளிகள் கோட்டைத் தாண்ட ஆரம்பித்தன. "அண்ணா, முகமெல்லாம் ஒரு மாதிரி பச்சையா இருக்கே" என்று ஒரு கல்யாண ஆல்பக்காரர் பிரிண்டைக் கவுண்டரில் பரப்பிக் காட்டினார். அவர் சொன்னது சரிதான்.

ரோல்களைச் சேர்த்து வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவலாம் என்று முதலாளி முடிவெடுத்தார். கணக்குப்படி அது நியாயமான முடிவு. ஆனால் எங்களிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் சுற்றுலாப் பயணிகள். காலையில் ரோல் கொடுத்து சாயந்திரம் பிரிண்டோடு பஸ் ஏற வேண்டியவர்கள். அவர்கள் வருவது நின்றுபோனது. ரோல் இன்னும் குறைந்தது, கெமிக்கல் இன்னும் கெட்டது. "சீசன் வரட்டும்பா" என்பார் முதலாளி. டிஜிட்டல் வருவது தெரியாதவர் இல்லை அவர். வாங்கிய மெஷினுக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்தார், அந்த மெஷினோ கூட்டம் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும்.

அமெரிக்க ஃபிலிம் கம்பெனியான கோடாக் கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். 1975ல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன்தான் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. இன்றைய கேமராக்களின் சென்சார்மேல் இருக்கும் வண்ண வடிகட்டியை 1976ல் காப்புரிமை செய்ததும் கோடாக்கின் பிரைஸ் பேயர்தான். அறிவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் சம்பாத்தியம் முழுக்க ஃபிலிமிலும் பேப்பரிலும் கெமிக்கலிலும் இருந்தது. விற்பனை பாதியானால் செலவும் பாதியாகும் தொழில் இல்லை இது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

ஜப்பானின் ஃபிலிம் கம்பெனியான ஃபூஜிக்கும் அதே அடிதான் விழுந்தது. அவர்கள் ஃபிலிம் பிரிவை வலியோடு சுருக்கினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள். ஆனால் மெல்லிய அடுக்குகளைப் பூசத் தெரிந்த கையை விடவில்லை. அதே வகை ஃபிலிம் எல்.சி.டி. திரைகளுக்குள் போனது. ஜெலட்டினையும் கொலாஜனையும் அறிந்த வேதியியல் முகப்பூச்சு வியாபாரம் வரை போனது. இந்து நகரின் இருட்டில் வேலை பார்த்தவர்களுக்கும் பூச்சு வேலை தெரியும். அந்தக் கையை வைத்து வேறென்ன செய்யலாம் என்று காலத்தில் யோசித்திருந்தால், மூடுவதென்று முடிவாகும்வரை அத்தனை குடும்பங்கள் காத்துக் கிடந்திருக்க வேண்டாம்.

இப்போது குன்னூரில் ஒரு பிரிண்ட் கடையில் இருக்கிறேன். போன வருடம் பெரிய ஆல்பம் மெஷின் ஒன்றை விற்க வந்தவர், மணிக்கு எத்தனை பக்கம் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு நாளைக்கு எத்தனை பக்கத்துக்குக் கீழே போனால் நஷ்டம் என்று கேட்டேன். அந்தக் கணக்கு அவரிடம் இல்லை. கடைக்காரரும் நானும் பேசி, கெமிக்கல் டாங்கே இல்லாத சின்ன இங்க்ஜெட் மெஷின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தோம். மழை நாளில் நாலு படம் மட்டும் வந்தாலும் ஐந்தாவது படத்தின் நிறம் மாறுவதில்லை.