காலியாகக் கொண்டு வாங்க என்றார் டீச்சர்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், எங்கள் ஊர் வாயனசாலை (நூலகம்) மாடியில், அலமாரிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெண்களுக்கு ஓலைப்பெட்டி முடையக் கற்றுத்தருகிறார்கள். திருச்சூரிலிருந்து வரும் டீச்சர், "வீட்டிலிருந்து ஒரு காலிப் பாத்திரம் கொண்டு வாங்க, அது உங்களுக்கு எதைக் குறிக்குதுன்னு பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒருத்தரும் காலியாகக் கொண்டு வரவில்லை. எவர்சில்வர் தூக்கில் மாங்காய்த் தொக்கு, ஒயர் கூடையில் முருங்கைக்காய், ஹார்லிக்ஸ் பாட்டிலில் மல்லி விதை. "வெறும் பாத்திரத்தைத் தூக்கிட்டு எப்படிங்க டீச்சர் படியிறங்கறது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டேவிட்டார்.

பாத்திரம் என்றால் தாய்மை, கருப்பை என்று டீச்சர் விளக்கினார். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரே சூளையில் சுட்ட மண்பானைகள்தான். சாயம் பூசி அடுக்கினால் கல்யாண மேடையில் அரசாணிப் பானை. சுடுகாட்டில் தண்ணீரோடு தோளில் ஏறினால் மூன்று சுற்று, சுற்றுக்கு ஓர் ஓட்டை, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம்.

பறையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அடிக்கிற பறை இல்லை, நெல் அளக்கிற பாத்திரம். நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. கேரளம் தனி மாநிலமான அதே 1956இல்தான் மெட்ரிக் அளவைச் சட்டமும் வந்தது. கடைகளில் கிலோவும் லிட்டரும் உட்கார்ந்துகொண்டன. பறைக்கு அளக்கிற வேலை போனது, நிறைந்து நிற்கிற வேலை போகவில்லை. மலையாளிகள் கல்யாணத்தில் நெல் நிறைத்துத் தென்னம்பூக்குலை செருகி வைக்கிறார்கள். திருவிழாவில் யானைமேல் சாமி வரும்போது நாங்களும் வாசலில் பறை நிறைக்கிறோம். தமிழ்க்காரர் வீடென்று சாமி தாண்டிப் போவதில்லை.

அப்புறம் முடைய உட்கார்ந்தோம். பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். காய்ந்துவிட்டால் மடிப்பில் ஒடியும். அடிப்பாகம் சுலபம், ஒன்று விட்டு ஒன்று. மூலை திருப்புகிற இடத்தில்தான் எல்லார் கையும் நின்றது. இரண்டு பக்கத்து ஓலைகளும் ஒன்றையொன்று தாண்டி மேலே ஏற வேண்டும். அங்கே விரலை எடுத்தால் பெட்டி மறுபடியும் பாயாகிவிடும். டீச்சர் துணி கிளிப் தந்தார். அந்த அக்கா வாங்கவில்லை. கால் கட்டைவிரலால் மூலையை அமுக்கிக்கொண்டு, பேச்சை விடாமல், இரண்டு கையாலும் முடைந்துகொண்டே போனார்.

மூடி அடுத்த வாரம். பெட்டியில் தையல் சாமான் வைக்கலாம் என்று எனக்கு எண்ணம். மாமியார் இப்போதே கருப்பட்டிக்கு என்று சொல்லிவிட்டார். பார்ப்போம்.