சி-4

ஏப்ரல் 26
எங்கள் நொதிப் புரதத்தைப் படிகமாக்க மூன்றாவது முறையாகத் தட்டு வைத்தாயிற்று. இருபத்து நான்கு குழிகள். புரதத் துளி வைத்த ஒவ்வொரு கவர்ஸ்லிப் கண்ணாடியையும் கவிழ்த்து மூடியபின், கிரீஸ் வளையத்தில் எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மயிரிழை போதும், துளி காய்ந்துவிடும். இரவு அம்மாதான் பேசினாள். அப்பா தூங்குகிறார் என்றாள். எட்டு மணிக்கா?

ஏப்ரல் 29
ஒன்றுமில்லை. எல்லாத் துளிகளும் தெளிவாக இருக்கின்றன.

மே 1
விடுமுறை. காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூர் போய் வந்தேன். அப்பா வலக்கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போதுதான் பார்த்தேன், கரண்டியால் சாப்பிடுகிறார். விரலிடுக்குகளில் தோல் வெடித்து நீர் கோத்திருக்கிறது. நகக்கண்ணில் அந்த நீலம். தோல் பதனிடும் டிரம்மிலிருந்து ஈரத்தோலை எடுத்து அடுக்கும் கை. குரோமியத்தால் வந்த ஒவ்வாமை, கொஞ்ச நாள் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஆறிவிட்டது கண்ணு" என்கிறார் அப்பா.

திரும்பும் ரயிலில் குடியாத்தம் தாண்டியும் அதே நினைவுதான். மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது தோலின் புரதமான கொலாஜன் என்று 1954-55-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள். அவர்கள் எக்ஸ்-கதிரில் படமெடுத்தது கங்காருவின் வால் தசைநார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின், மிகச் சிறிய அமினோ அமிலம். அதைவிடப் பெரியது எதற்கும் கயிற்றின் நடுவில் இடமில்லை. குரோம் உப்பு போய் அந்த இழைகளைக் கட்டுவதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. ஆட்டுத்தோல் எது, அப்பாவின் தோல் எது என்று அந்த உப்புக்குத் தெரியுமா?

மே 4
கத்திரி தொடக்கம். மதியம் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் இணைப்பு எங்கள் இன்குபேட்டருக்குக் கிடையாது. 20 டிகிரி, 22, 25. உதவியாளர் அண்ணன் கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கித் தோளில் சுமந்து வந்தார், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தெர்மோகோல் பெட்டியில் தட்டுகளை வைத்து, ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி, ஒன்றரை மணி நேரம் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். தட்டை ஆட்டக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்த ஆய்வகத்தில் எத்தனை படிகங்கள் அவர் கையால் பிழைத்திருக்கும்! ஆய்வேடுகளின் நன்றியுரையில் அவர் பெயர் கடைசி வரியில் வருகிறது. என்னுடையதில் அப்படி வராது.

மே 6
சி-4 குழியில் ஏதோ இருக்கிறது.

மே 7
தூக்கமில்லை. ஆறு பக்கம் கொண்ட சிறு தகடு, ஓரங்கள் கூர்மை. சி-5-இலும் சின்னதாக இரண்டு. ஆய்வகத்தில் மூத்த அக்கா நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "புரதமாக இல்லாமல் உப்பாக இருக்கலாம், மனதைத் தயார்படுத்திக்கொள்" என்றார். எங்கள் கரைசலில் பாஸ்பேட் இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தும் அவர்மேல் கோபம் வந்தது.

மே 8
கூடாது, கூடாது, உப்பாக இருக்கக் கூடாது.

மே 9
சி-5-இலிருந்த ஒன்றை அக்கா ஊசிமுனையால் அழுத்தினார். உப்பென்றால் நறுக்கென்று உடையும். இது சத்தமில்லாமல் நொறுங்கியது. மற்றொன்றுக்கு நீலச் சாயம் விட்டோம். புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான், அந்த வழிகளில் சாயம் நுழையும். நுழைந்தது. வெளியே நீலம் வெளுக்க, படிகம் கறுத்துக்கொண்டே வந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். அப்பாவின் நகக்கண் நினைவுக்கு வந்தது.

உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டு சி-4-ஐக் காட்டினேன். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. "மூக்குத்திக் கல் போல இருக்கிறதம்மா" என்றார்.

மே 11
புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்கிறான்: புரதத்தின் வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுகிறது, 2024-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், பிறகு ஏன் இந்தப் பாடு? நியாயமான கேள்வி. மடிப்பைக் கணினி நன்றாகவே சொல்கிறது. எங்கள் நொதி முடியின் வேரை அறுக்கும், கொலாஜனைத் தொடாது. கயிறு எந்த வாசலில் முட்டி நிற்கிறது? அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். முடி நீக்கும் சுண்ணாம்பையும் சல்பைடையும் டேனரியிலிருந்து ஒழிக்க வேண்டுமென்றால் அந்த வாசல் தெரிய வேண்டும். குரோமை அது ஒழிக்காது. அதுவும் தெரியும்.

மே 13
சி-4 படிகத்தைக் கிளிசராலில் தோய்த்து, நைலான் வளையத்தில் அள்ளி, திரவ நைட்ரஜனில் இறக்கினேன். மைனஸ் 196. மூச்சை அடக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. கை நடுங்கவில்லை.

மே 14
அம்மா அழைத்தாள். சம்பளம் பிடித்துவிட்டார்களாம்.

மே 17
அக்காவும் பேராசிரியரும் இந்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே எக்ஸ்-கதிர் தரும் இன்டஸ்-2 சின்க்ரோட்ரானில் நாளை இரவு எங்கள் முறை. படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் நெருக்கமாக நிறையப் புள்ளிகள் விழ வேண்டும்.

மே 18
அப்பாவே அழைத்தார். "உன் கல் என்ன ஆயிற்று?" என்றுதான் முதலில் கேட்டார். நாளை மறுநாள் வேலைக்குப் போகிறாராம். வேண்டாம் என்றேன். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

முழங்கை வரை வரும் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குள் ஆம்பூர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.