மெஷின் நல்லபடியாக வந்தது, காற்றுதான் கவிழ்த்துவிட்டது

மூன்றே மாதம் ஓடிய ஸ்பிண்டிலை, அதாவது கட்டரைப் பிடித்துச் சுழற்றும் பகுதியை, கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பின்னால் ஏர் ஹோஸைப் பிடுங்கித் தட்டியபோது தண்ணீர் சொட்டியது. நிறைய எல்லாம் இல்லை, நாலைந்து ஸ்பூன் இருக்கும். அந்த நாலைந்து ஸ்பூன் தண்ணீருக்காக ஐந்து வாரம் மெஷின் நின்றது, புது ஸ்பிண்டிலுக்குப் பணம் எங்கள் கையிலிருந்து போனது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மோல்டு (அச்சு) செய்யும் ஷாப் நடத்துகிறவர்கள், ஹை ஸ்பீடு மில்லிங் மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று முதலிலிருந்து எழுதிவைக்கிறேன்.

நானும் அண்ணனும் சேர்ந்து நடத்தும் ஷாப். இருந்தது நிமிடத்துக்கு 8,000 சுற்று (ஆர்.பி.எம்.) சுழலும் வி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின் ஒன்று, மின்பொறியால் ஸ்டீலை அரிக்கும் ஸ்பார்க் மெஷின் இரண்டு. ஸ்டீலைத் தோராயமாக வெட்டி (ரஃபிங்) ஹார்டுனிங்குக்கு அனுப்பி, வந்தபிறகு கடினமாகிவிட்ட கேவிட்டியில், அதாவது அச்சின் குழிவில், மிச்ச வேலை முழுக்க ஸ்பார்க்கில்தான். ஒவ்வொரு ரிப்புக்கும் (ஒடுங்கிய பள்ளம்) அதன் வடிவிலேயே செய்த எலக்ட்ரோடு, அதிலும் ரஃபுக்கு ஒன்று ஃபினிஷுக்கு ஒன்று. எலக்ட்ரோடு செய்யவே வி.எம்.சி.யின் பாதி நேரம் போய்விடும். ஸ்பார்க் போட்ட முகத்தில் உருகி உறைந்த ஒரு கெட்டித் தோல் நிற்கும், அதை எடுத்துவிட்டுத்தான் பாலிஷையே ஆரம்பிக்க முடியும். பல வருஷம் இப்படியே ஓட்டினோம். அப்புறம் ஒருநாள் ரொம்ப நாளாக எங்களிடமே மோல்டு செய்துவந்த ஒரு கஸ்டமர், "ரேட்டு ஓகே சார், தேதிதான் இடிக்குது" என்று சொல்லிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் கேட்டது ஐந்து வாரம், நாங்கள் சொன்னது எட்டு. ரேட்டில் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஹார்டுனிங் ஆன ஸ்டீலை நேராக மில் பண்ணிவிட்டால் பாதி எலக்ட்ரோடு மிச்சம். பழைய மெஷினிலேயே செய்து பார்க்கலாமே என்று அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான். கணக்கு என்னவென்றால், நுனி உருண்டையான 6 மி.மீ. பால்நோஸ் கட்டரை 0.1 மி.மீ. ஆழத்தில் ஓட்டும்போது தட்டையான முகத்தில் ஸ்டீலைத் தொடுகிற விட்டம் 6 இல்லை, சுமார் ஒன்றரை மி.மீ.தான். 8,000-ல் அந்த இடத்தில் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 40 மீட்டரைக்கூட எட்டாது, 20,000-ல் ஏறக்குறைய 97 வரும். 52 எச்.ஆர்.சி. கடினமுள்ள ஸ்டீலில் பழைய மெஷின் ஏன் தேய்த்துக்கொண்டே இருந்தது என்று அப்போதுதான் அண்ணனுக்கும் பிடிபட்டது. 5 ஆக்சிஸ் வாங்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் விடாமல் துரத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை, டூலைச் சாய்க்க முடிந்தால் குட்டையாகப் பிடிக்கலாம், நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் கேவிட்டிகள் அவ்வளவு ஆழம் இல்லை, கடன் வாங்கும் தெம்பும் அவ்வளவு இல்லை. 20,000 ஆர்.பி.எம்., 3 ஆக்சிஸ் என்று முடிவு செய்தோம்.

டெமோவுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஷோரூமில் பளபளவென்று வைத்திருக்கும் பீஸைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் ஜாப்பின் ஃபைலையும், ஹார்டுனிங் ஆன உங்கள் ஸ்டீலையும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். ஒருவர் பேச்சை மாற்றினார். இன்னொருவர் வரச் சொன்னார். காலையில் பிளாக்கைச் சுமந்துகொண்டு போனால், "அப்ளிகேஷன் இன்ஜினியர் லீவு சார், பிரோஷர் தரட்டுமா?" என்கிறார்கள். ஒரு நாள் வீண். பிளாக் வேறு பதினெட்டு கிலோ.

மூன்றாவது இடத்தில் மறுபேச்சு இல்லாமல் வெட்டிக் காட்டினார்கள், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் கூடவே நின்றோம். அங்கே எங்கள் ஷாப்பில் பாலிஷ் போடுபவர், பாலிஷ் அண்ணன் என்போம், செய்த காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 6 மி.மீ. கட்டர் விட்ட இடமும் 3 மி.மீ. கட்டர் தொடர்ந்த இடமும் சேர்கிற கோட்டில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. அளந்து பார்த்தால் அந்தக் கோட்டில் உயர வித்தியாசம் 4 மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பிறகு ஒரு இடத்தில் இதே ஜாப்பை வெட்டியபோது நகம் தட்டியது, அங்கே 12 மைக்ரான். காலையில் ஸ்பிண்டில் குளிர்ந்திருக்கும்போது ஒரு டூல், மத்தியானம் சூடேறியபின் ஒரு டூல் என்று ஓடினால் இசட்டில், அதாவது மேல்-கீழ் உயரத்தில், இப்படித்தான் வரும். பிரோஷரில் எந்த மூலையிலும் இருக்காது.

பிரோஷர் என்றதும் இன்னொன்று. ஒருவர் பொசிஷனிங் துல்லியத்தை (சொன்ன இடத்தில் எவ்வளவு சரியாகப் போய் நிற்கிறது என்பதை) 5 மைக்ரான் என்று போட்டிருந்தார், இன்னொருவர் 8. அண்ணன் உடனே 5 பக்கம் சாய்ந்துவிட்டார். எந்த ஸ்டாண்டர்டில் அளந்தது என்று கேட்டுப் பார்த்தால் 5 ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கணக்கு, 8 சர்வதேச ஐ.எஸ்.ஓ. 230-2 கணக்கு. ஐ.எஸ்.ஓ. முறையில் ஒரே புள்ளிக்குப் பலமுறை போய்வந்து அதில் வரும் சிதறலையும் சேர்த்துச் சொல்வார்கள், அதனால் ஒரே மெஷினுக்கே எண் பெரிதாக வரும். இரண்டையும் ஒரே ஸ்டாண்டர்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டதும் ஒருவர் ஒரு வாரம் போனையே எடுக்கவில்லை. எங்களுக்கு அந்த மௌனமே போதுமானதாக இருந்தது.

கடன் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் ஃபைலைப் படித்து முடிப்பதற்குள் கொட்டேஷன் காலாவதியாகி இரண்டுமுறை புதிதாக வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான். வினையாக வந்தது எல்.சி., அதாவது விற்றவருக்குப் பணம் தருவோம் என்று பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம். மெஷினின் மாடல் பெயரில் கடைசியில் ஒரு 'எச்' உண்டு, எல்.சி.யை டைப் செய்தவர் அதை விட்டுவிட்டார், நாங்களும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம். விற்றவர் அனுப்பிய இன்வாய்சில் 'எச்' இருந்தது. பேங்குகள் எல்.சி.க்குப் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிப்படி இன்வாய்சில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை, டிஸ்க்ரிபன்சி (விவரம் ஒத்துப்போகவில்லை) என்று பேங்கில் டாக்குமென்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். மெஷின் துறைமுகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, சரக்கை எடுக்க வேண்டிய ஒரிஜினல் பேப்பர் பேங்க் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

லெட்டர்ஹெட்டில், வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் விடுவோம் என்றார் கவுன்டரில் இருந்தவர். எழுதி, கையெழுத்துப் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு பார்ட்னரும் சைன் பண்ணணும் சார்." அதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனால் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அதிகாரி மீட்டிங்கில். ஆக ஒரு 'எச்'சுக்கு ஒன்பது நாள் டெமரேஜ், அதாவது துறைமுகத்தில் தாமதத்துக்கான கட்டணம், கட்டினோம். எல்.சி. டிராஃப்டையும் விற்பவர் முன்னாடியே தரும் புரோஃபார்மா இன்வாய்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படியுங்கள். முடிந்தால் வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள், நமக்குத் தெரிந்த மாடல் பெயரில் இல்லாத எழுத்தும் நம் கண்ணுக்கு இருப்பதாகவே தெரியும்.

மெஷினை இறக்கியது, லெவல் பார்த்தது எல்லாம் ஒன்றரை நாளில் முடிந்தது. வாசல் உயரத்தை முன்கூட்டியே அளந்திருந்தோம். ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்திருந்தது நல்லதாகப் போயிற்று: கடைசி பத்து சதவீதப் பணம், எங்கள் ஷாப்பில், எங்கள் ஜாப்பை, அதே 4 மைக்ரானுக்கு வெட்டிக் காட்டியபிறகுதான். முதல் தடவை 9 வந்தது. அந்த வரி இல்லையென்றால் வந்த இன்ஜினியர் அன்றே கிளம்பியிருப்பார். மூன்று நாள் இருந்து சரிசெய்துவிட்டுத்தான் போனார்.

இதற்கப்புறம் செய்த முட்டாள்தனம் முழுக்க எங்களுடையது. பணம் எல்லாம் மெஷினுக்குப் போய்விட்டதால் கட்டரைப் பிடிக்கும் ஹோல்டரில் மிச்சம் பிடிக்கப் பார்த்தோம், நாங்கள் பழகியிருந்த பழைய கோலெட் வகையையே புது ஸ்பிண்டிலுக்கு ஏற்ற மாதிரி மலிவாக வாங்கிப் போட்டோம். 2 மி.மீ. கட்டர் வரிசையாக ஒடிந்தது. டயல் வைத்துப் பார்த்தால் ரன்அவுட், அதாவது சுழலும்போது கட்டர் ஆடும் அளவு, 15 மைக்ரான். ஒரு பல்லுக்கு 20 மைக்ரான் ஃபீட் (நகர்வு) கொடுத்தால், இரண்டு பல் கட்டரில் ஒரு பல் 35 வெட்டும், இன்னொன்று 5 வெட்டும். ஒரு பல்லே வேலை செய்கிறது, மற்றது சும்மா உரசிக்கொண்டு வருகிறது. சூடாக்கிக் கட்டரைச் செருகி ஆறவிட்டு இறுக்கும் ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டர் வாங்கியதும் 3 மைக்ரானுக்குள் வந்தது, ஒடிவது நின்றது. ஒடிந்த கட்டர்களுக்குச் செலவான பணத்தில் அந்த ஹோல்டர்களில் பாதியை வாங்கியிருக்கலாம்.

இன்னொன்றைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஃபினிஷிங்கில் ஃபீட் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. கொடுத்தால் வளைவில் ஸ்கிரீன் 900 காட்டும், மெஷின் திக்கித் திக்கிப் போகும், முகத்தில் மெல்லிய பட்டை பட்டையாகத் தெரியும். மூன்று வாரம் இப்படியே ஓட்டிவிட்டு, இவ்வளவு பணம் போட்டு இதுதானா என்று புலம்பிக்கொண்டிருந்தோம். புரோகிராம் போடும் தம்பி ஒரு மத்தியானம், "அண்ணா, நம்ம போஸ்ட்ல ஜி05.1 கியூ1 வரவே இல்லையே" என்றான். எங்கள் கன்ட்ரோல் ஃபேனக், முன்னால் வரப்போகும் புள்ளிகளைப் பார்த்து வேகத்தைச் சீராக்கும் வசதியை அந்தக் கட்டளைதான் இயக்கும். அதற்காகத் தனியாகப் பணம் கட்டி வாங்கியிருக்கிறோம். ஆனால் தம்பி 'போஸ்ட்' என்றது கேம் சாஃப்ட்வேரில் வெட்டும் பாதையை மெஷின் கட்டளைகளாக மாற்றும் போஸ்ட் பிராசசரை, அது பழைய மெஷினுக்கு எழுதியது. புள்ளிக்குப் புள்ளி 0.05 மி.மீ. என்றால் 3,000 ஃபீடில் ஒரு விநாடிக்கு ஆயிரம் வரியை மெஷின் படித்தாக வேண்டும், அந்த வசதி இல்லாமல் திக்காமல் என்ன செய்யும். தம்பி ஒரு வரி சேர்த்தான், அதை நிறுத்த, முடிக்கும் இடத்தில் கியூ0 ஒன்று. அன்று சாயங்காலம் மெஷின் ஓடிய சத்தமே வேறு.

அதன்பின் இரண்டு மாதம் ராஜாங்கம். போன வருஷம் 34 எலக்ட்ரோடு கேட்ட ஒரு கேவிட்டியைப் போன்ற ஜாப்புக்கு 11 போதுமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் வார்ம் அப் ஓடும்போது ஸ்பிண்டிலில் லேசான ஒரு கிர்ர். மறுநாள் சத்தமாகவே கேட்டது. மூன்றாம் நாள் அலாரம் அடித்து நின்றது.

பழைய மெஷினில் காற்று டூல் மாற்றவும் சில்லு ஊதவும்தான். காற்றில் ஈரம் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, கிரீஸ் போட்ட பேரிங். புது ஸ்பிண்டிலில் பேரிங்குக்கு எண்ணெயைக் கொண்டுபோவதே காற்றுதான், கூலன்ட் உள்ளே வராமல் தடுப்பதும் காற்றுதான். கம்பிரசரிலிருந்து சூடாக வரும் காற்று பைப்பில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரை நேரே 20,000 ஆர்.பி.எம். பேரிங்குக்குள் ஊதியிருக்கிறோம்.

வாரன்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் கூப்பிட்டோம். வந்த பையன் ஹோஸைப் பார்த்ததுமே, "சார், இது வாரன்டில வராது, மேனுவல்ல போட்டிருக்கு" என்றான். எந்தப் பக்கத்தில் என்று அண்ணன் கேட்க, அவன் சட்டென்று திருப்பிக் காட்டினான். இருக்கிறது, சின்ன எழுத்தில், ஐ.எஸ்.ஓ. 8573-1 படி காற்று எந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்று. ஈரத்துக்கு வகுப்பு 4, அதாவது காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்தாலும் அதிலிருந்து தண்ணீர் பிரியக் கூடாது. மெஷினை நிறுவி ஓட்டிக் காட்ட (கமிஷனிங்) வந்தவர் எங்கள் கம்பிரசர் பக்கத்தில் நின்றுதான் டீ குடித்தார், காற்றை உலர்த்தும் டிரையர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவர் வேலையா என்று வாதாடிப் பார்த்தோம், நடக்கவில்லை. கமிஷனிங் ரிப்போர்ட்டில் 'காற்றழுத்தம் சரி' என்று இருந்த இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது ரெஃப்ரிஜரேட்டட் டிரையர், இரண்டு கட்ட ஃபில்டர், தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் எல்லாம் போட்டாகிவிட்டது. பைப்பைக்கூட மாற்றினோம், மெயின் லைனைச் சரிவாக இழுத்து, மெஷினுக்குப் போகும் கிளையை லைனின் மேல்பக்கத்திலிருந்து எடுத்தோம், கீழே தேங்கும் தண்ணீர் கிளைக்குள் இறங்காது. இவ்வளவுக்கும் ஆன செலவு ஸ்பிண்டிலில் பத்தில் ஒரு பங்கு. மெஷின் ஆர்டர் போடும் அன்றே டிரையருக்கும் ஆர்டர் போட்டுவிடுங்கள், கொட்டேஷனில் 'வாடிக்கையாளர் ஏற்பாடு' என்று ஒரு தலைப்பு இருக்கும், அதைக் கடைசி வரி வரை படியுங்கள்.

புது ஸ்பிண்டில் போட்டு இன்றோடு ஏழு வாரம். போன வாரம் முடித்த கேவிட்டியை பாலிஷ் அண்ணன் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெஷின் வந்தால் தனக்கு வேலை குறைந்துவிடும் என்று ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். "இதுக்கு 220 வேணாம்பா, 400-லயே ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முரட்டு 220-ஐ விட்டு நைசான 400 எமரி பேப்பரை எடுக்கப் போனார்.

விட்டுப்போன அந்தக் கஸ்டமரிடமிருந்து நேற்று ஒரு டிராயிங் வந்திருக்கிறது. ஐந்து வாரம் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாக டிரையர் அடியில் வைத்த பாட்டிலைக் கொட்டினேன், முக்கால் பாட்டில் இருந்தது.