அந்தச் செடியைப் பிடுங்காதீர்கள்

இந்த ஏப்ரலில் இங்கிலாந்தில் எங்கள் லெஸ்டர் வீட்டுத் தோட்டத்தில் கௌஸ்லிப் என்ற வசந்தகாலப் பூச்செடி ஒன்று அட்டகாசமாக வளர்ந்திருக்கிறது. மற்றச் செடிகளில் தண்டு மெலிசாக உருண்டு, உச்சியில் ஒரு கொத்து மஞ்சள் பூக்களைத் தொங்கவிட்டிருக்கிறது. இதில் மட்டும் தண்டு நாடா போலத் தட்டையாகி, கட்டைவிரல் அகலத்துக்கு விரிந்து, அதன் மேல் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நோயா? பிடுங்கிப் போட்டுவிடு" என்றார். நான் மாட்டேன்.

தண்டின் வளர்முனை ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக அகன்றுவிட்டால் இப்படி ஆகும். உறைபனி, பூச்சிக்கடி, களைக்கொல்லி, சிலசமயம் பாக்டீரியா என்று எதுவும் அதைத் தூண்டலாம். பெரும்பாலும் அடுத்த வருடம் அதே செடி ஒழுங்காகப் பூத்துவிடும். நம்ம ஊர்க் கோழிக்கொண்டையும் இதே விஷயந்தான். ஆனால் அதில் இந்தக் குணம் விதை வழியாகவே இறங்குகிறது.

எனக்கு இதைவிடப் பிரியம், கௌஸ்லிப்பின் உறவுச்செடியான ப்ரிம்ரோஸில் வரும் ஹோஸ்-இன்-ஹோஸ் என்ற விசித்திர வகை மேல். பூவுக்கு அடியில் பச்சையாக இருக்கவேண்டிய புல்லிவட்டம் இதழாகவே மாறி, ஒரு பூவுக்குள்ளிருந்து இன்னொரு பூ எழுந்து நிற்கும். ஜாக்-இன்-தி-கிரீன் என்ற இன்னொரு ப்ரிம்ரோஸ் வகையில் நேர் எதிர்: புல்லிவட்டம் இலைகளாக விரிந்துவிடும், பூ வாடிய பிறகும் அந்தப் பச்சை வட்டம் அழகாக இருக்கும். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் பார்க்கின்சன் 1629-லேயே தன் தோட்ட நூலில் இப்படிப்பட்ட விசித்திர வகைகளை விவரித்திருக்கிறார். அன்றிலிருந்து யார் யாரோ தூரைப் பிரித்து நட்டு, அடுத்தவருக்குக் கொடுத்து, இவற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நினைத்தாலே எனக்கு நன்றி பொங்குகிறது.

ஹோஸ்-இன்-ஹோஸின் காரணம் 2010 வாக்கில்தான் மரபணு அளவில் பிடிபட்டது. இதழை உருவாக்க உதவும் குளோபோசா மரபணுவுக்கு முன்னால் ஒரு தாவும் மரபணுத்துண்டு வந்து உட்கார்ந்துகொண்டு, புல்லிவட்டத்திலும் அதை வேலைசெய்ய வைக்கிறது. அந்தத் தூண்டுதல் ஓரிடத்தில் அடங்கிப்போனால், அதே செடியிலேயே சாதாரணப் பூவும் மலரும். இந்தக் குணம் ஓங்கு குணம், அதாவது தாய், தந்தைச் செடிகளில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளிப்படும் குணம், என்பதால் விதைத்தாலும் கணிசமான நாற்றுகளில் வந்துவிடும்.

என் தட்டைத் தண்டுக்காரியிடம் அந்த நம்பிக்கை குறைவு. இருந்தாலும் காய் முற்றியதும் விதையைக் காயவிடாமல் அப்படியே தொட்டியில் தூவி, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே வைக்கப்போகிறேன். பூ முடிந்த பிறகு தாய்ச்செடியின் தூரையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அந்த அம்மாவுக்கே கொடுப்பதாக இருக்கிறேன்.