கோடைச் சமவெளியில் இடிமேகத்தைக் கணிக்கக் கற்றது

அமெரிக்கச் சமவெளியில் இடிமேகங்களைத் தேடிப்போய்ப் பார்க்கத் தொடங்கிய என் முதல் ஜூலையில் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். அன்று காலை கணினி மாதிரியைத் திறந்தபோது கிழக்கு நெப்ராஸ்காவில் கேப் 5000 என்று காட்டியது. மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றலின் அளவுதான் கேப்; 2500 இருந்தாலே வலுவான இடிமேகத்துக்குப் போதும். வேறு எதையும் பார்க்காமல் கிராண்ட் ஐலண்டுக்கு வண்டியை விட்டேன். மாலை வரை காத்திருந்தும் வெளிறிய வானத்தில் ஒரு மேகம்கூடத் திரளவில்லை. அதே நேரத்தில் மேற்கே 400 கிலோமீட்டருக்கு அப்பால், அலையன்ஸ் ஊருக்குப் பக்கத்தில், கேப் 2000 மட்டுமே இருந்த இடத்தில் சூப்பர்செல் என்னும் சுழலும் பெரும் இடிமேகம் எழுந்து மூன்று மணி நேரம் சுழன்றபடி நகர்ந்தது. அதை ரேடாரில் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

அன்றிரவு இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிழக்கே முற்றிய மக்காச்சோள வயல்கள் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருந்ததால், காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டும் பனிநிலை 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறியிருந்தது. கேப் பெருத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் மேற்கின் உயர்நிலங்களிலிருந்து வந்த சூடான வறண்ட காற்று, சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில், பானைக்கு மூடி போட்டதுபோல அதன்மேல் படிந்திருந்தது. அந்த உயரத்தில், அதாவது காற்றழுத்தம் 700 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்தில், வெப்பம் 14 டிகிரி செல்சியஸ். அந்த மூடியைத் திறக்க அங்கே எதுவும் இல்லை. மேற்கே பனிநிலை 57தான். ஆனால் அங்கே தரையே 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு அவ்வளவு ஈரம் தாராளம். தென்கிழக்குக் காற்று மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. வயோமிங் மலைகள் மதியத்திலேயே முதல் மேகங்களை எழுப்பிவிட்டன. மேலே காற்றும் வலுவாக வீசியது.

ஈரம், நிலையின்மை (கேப் அளப்பது இதைத்தான்), தூக்கிவிடும் விசை ஆகிய மூன்றும் கூடினால்தான் இடிமேகம். அது நின்று சுழல வேண்டுமானால் நான்காவதாக ஷியர், அதாவது உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவது, வேண்டும். இப்படிக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையைச் சார்ல்ஸ் டாஸ்வெல் போன்ற வானிலையாளர்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். நான் சேர்க்க விரும்புவது வரிசையை மட்டும்தான்: கோடையில் ஷியரை முதலில் பாருங்கள், கேப்பைக் கடைசியில் பாருங்கள். ஜூலையில் கேப்புக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சம் எல்லாம் மேல்காற்றுக்குத்தான். மே மாதம் ஓக்லஹோமாவுக்கு மேல் மிக உயரத்தில் வேகமாக ஓடிய ஜெட் காற்று அப்போது கனடா எல்லைப் பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் தேட வேண்டிய இடம் மொன்டானா, டகோட்டாக்கள், நெப்ராஸ்காவின் மேற்கு முனை, வயோமிங் மற்றும் கொலராடோவின் கிழக்குப் பகுதி என்று மாறுகிறது. தரைக்கும் 6 கிலோமீட்டருக்கும் இடையே காற்று வேறுபாடு 35 முதல் 40 நாட், அதாவது மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் இருந்தால் சூப்பர்செல்லை எதிர்பார்க்கலாம். நம் ஊர்க் கோடை இடிமழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடுவதை நினைத்துப் பாருங்கள். ஷியர் இல்லாவிட்டால் மேகம் தன் மழையிலேயே தான் அணைந்துவிடும்.

பயிற்சிக்கு வருகிறேன். மத்திய நேரம் காலை 7 மணிக்கு (மேற்கே மலை நேரத்தில் 6) பறக்கவிடும் பலூன் தரவை, உயரம் கூடக்கூட வெப்பமும் ஈரமும் மாறுவதைக் காட்டும் ஸ்கியூ-டி படத்தில் பாருங்கள். நார்த் பிளாட், ராப்பிட் சிட்டி, டென்வர் மூன்றும் எனக்குப் போதும். அப்புறம் தரைநிலை அளவீடுகளை அச்செடுத்து, பனிநிலைக் கோடுகளையும் காற்று சந்திக்கும் எல்லைகளையும் பென்சிலால் வரையுங்கள். கையால் வரையும்போதுதான் முந்தைய இரவின் மழை விட்டுப்போன குளிர்காற்றின் விளிம்பு கண்ணில் படும். மாதிரிகள் தவறவிடும் அந்த விளிம்பில்தான் பல நாள் மேகம் பிறக்கிறது. எந்த ஊர், எத்தனை மணி, ஏன் என்று மூன்று வரி நோட்டில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் அமெரிக்க அரசின் கடும்புயல் கணிப்பு மையமான ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டரின் கணிப்பைத் திறக்க வேண்டும். முதலில் அதைப் படித்துவிட்டால் நம் மூளை அவர்கள் வரைந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஹெச்.ஆர்.ஆர்.ஆர் என்னும் கணினி மாதிரி மணிக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரே ஓட்டத்தை நம்பாமல் நான்கைந்தை வரிசையாகப் பார்த்தால் போக்கு தெரியும். மதியத்துக்கு மேல் மாதிரியை மூடிவிட்டு செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வசந்தகாலத்தில் மேகம் பெரும்பாலும் வடகிழக்கே போகும். தென்கிழக்கில் நின்றால் நன்றாகத் தெரியும். கோடையில் வடமேற்குக் காற்றில் மேகம் தென்கிழக்கே இறங்கும். பழைய பழக்கத்தில் அதே இடத்தில் நின்றால் ஆலங்கட்டி நேராகத் தலைமேல் வரும். சவுத் டகோட்டாவின் விவியனில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த கட்டி 20 சென்டிமீட்டர் விட்டம், கிட்டத்தட்ட 880 கிராம். மேகம் போகும் திசைக்கு வலப்பக்கம், அதாவது தென்மேற்கில் நில்லுங்கள். தெற்கே போகும் தார்ச்சாலை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். சேண்ட்ஹில்ஸ் மணல்மேடுகளில் சாலைகள் குறைவு, பெட்ரோல் பங்க் அரிது, போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. டேங்க் பாதியாகும் முன்பே நிரப்பிவிடுங்கள். மண்சாலை நனைந்தால் வண்டி நகராது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து திசை மாறிய டொர்னேடோ, நீண்ட அனுபவமுள்ள ஆய்வாளர் டிம் சமாரஸையும் அவருடன் இருந்த இருவரையும் கொன்றது. அதைப் படித்தபிறகு, தப்பிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் அந்த மேகத்தை விட்டுவிடுகிறேன்.

இருட்டியதும் நிறுத்திவிடுவேன். தெற்கிலிருந்து தரைக்குச் சற்று மேலே வீசும் தாழ்காற்று வேகம் பிடிக்க, தனித்தனி மேகங்கள் ஒன்றாகக் கூடி விடிய விடியக் கிழக்கே நகரும். அறைக்குள் படுத்து இடி கேட்கும்போதே அந்த மழை எங்கே போய் நிற்கிறது என்று ரேடாரில் பார்த்துக் குறித்துக்கொள்வேன். மறுநாள் காலை பென்சில் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.