டீப் வேண்டும், டார்க் வேண்டாம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவருக்கும் தயாரிப்புக்கும் நடுவில் நிற்பவனாகச் சேர்ந்த புதிதில் நிறங்களைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும்தான் நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் பட்டியலில் ஓர் எண் இருக்கிறதே. 11-0601 என்றால் பளீர் வெள்ளை, தீர்ந்தது கதை. ஆனால் லேப் டிப் எனப்படும், சோதனைக்குச் சாயமேற்றிய துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டி அனுப்பினால், பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார், எண்ணில் பதில் எழுதுவதில்லை. அடைமொழிகளில் எழுதுகிறார்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒயின் நிறத்தில். வழக்கம்போல ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள் அனுப்பியிருந்தோம். பி பரவாயில்லை, இன்னும் ‘டீப்’ ஆக வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. தமிழில் டீப், டார்க் இரண்டுக்குமே ‘அடர்’ என்று சொல்லிப் பழகிய எனக்கு வித்தியாசம் உறைக்கவில்லை. “இன்னும் டார்க்காக வேண்டுமாம் மாஸ்டர்” என்றேன் சாயப்பட்டறை மாஸ்டரிடம். அவர் கறுப்பைத் துளி கூட்டினார். அடுத்த அட்டையும் திரும்பி வந்தது: ‘டீப்பர், நாட் டார்க்கர்.’ ‘நாட்’டுக்குக் கீழே ஒரு கோடு வேறு.

மெயிலை அப்படியே படித்துக் காட்டியதும் மாஸ்டர் சிரித்துவிட்டார். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. பீட்ரூட்டை நறுக்கியதும் கையில் ஒட்டுகிறதே, அது டீப். பொரியல் அடிப்பிடித்தால் டார்க்.” கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பின் சதவீதத்தைக் கூட்டினார். மூன்றாவது அட்டை தேறியது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியாத மனிதர் அவர்.

அடுத்தது நேவி ப்ளூ. வெவ்வேறு வெளிச்சங்களில் நிறத்தைப் பார்க்கும் லைட் பாக்ஸில், டி65 என்னும் பகல் வெளிச்சத்தில் பையரின் மாதிரியோடு ஒத்துப்போன துணி, டிஎல்84 என்னும் கடை வெளிச்சத்தில் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. நேர்மையாக இருப்போம் என்று ‘ரெட்டிஷ்’ என எழுதி அனுப்பினேன். பதறிப்போய் போனே செய்துவிட்டார்கள். ரெட்டிஷ் என்றால் அந்த நீலத்தைப் பார்த்ததும் சிவப்பு தெரிகிறது என்று பொருளாகிறது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஸ்லைட்லி ரெட்டர்’: உங்கள் மாதிரியைவிட ஒரு நூல் சிவப்பு, அவ்வளவுதான்.

நம் புடவைக் கடைகளில் இந்தத் தொல்லை கிடையாது. வெங்காயத்தோல், மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு என்று ஒரு பொருளைக் காட்டிவிடுவோம். பையரின் மொழி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்கிறது. அவர்களும் பொருளைக் காட்டுவதுண்டு. ஐவரி யானைத் தந்தம். எக்ரு, வெளுக்காத துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வேடிக்கை என்னவென்றால், துணியை வெளுத்துவிட்டு, வெளுக்காததுபோலத் தெரிய மறுபடி சாயமேற்றித்தான் பல சமயம் எக்ருவையே கொண்டுவருகிறோம். நான்கு வெள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு இன்றைக்கும் க்ரீமும் ஐவரியும் குழம்பும்.

இப்போதெல்லாம் நான் மொழிபெயர்ப்பதில்லை. பையர் எழுதிய சொல்லைத் தமிழ் எழுத்தில் அட்டையின் பின்னால் எழுதி அப்படியே கொடுத்துவிடுகிறேன். போன வாரம் ஒரு பழுப்பு நிறத்துக்கு ‘வார்மர்’ என்று வந்தது. மாஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் சூடாகவா? அறுபது டிகிரியில்தானே தம்பி ஓட்டினேன்?”

“மஞ்சளைக் கொஞ்சம் கூட்டுங்கள் மாஸ்டர்.”

“அதைச் சொல்வதற்கு அடுப்பு எதற்கு?” என்றபடி மஞ்சள் டப்பாவைத் திறந்தார்.